உங்களுக்குத் தெரியுமா? டயருக்கும் பிறந்த தேதி உண்டு

கார் டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு எண்களை மட்டும் பாருங்கள். 2319 என்றால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில், அதாவது ஜூன் மாதத்தில், அந்த டயர் தயாரானது. 2000-இல் வந்த முறை இது. அதற்கு முன் மூன்றே எண்கள்தான். தேதி ஒரு பக்கம் மட்டுமே இருப்பதும் உண்டு. வெளிப்பக்கம் காணோம் என்றால் குனிந்து உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியதுதான்.

"பட்டன் நல்லாத்தானே இருக்கு" என்று பழைய டயரை விட்டுவிடாதீர்கள். வெயிலும் ஓசோனும் ரப்பரை இறுக வைக்கும். பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளங்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள் விழும். எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் 10 ஆண்டு தாண்டியதை மாற்றிவிடுங்கள் என்கின்றன பல டயர் நிறுவனங்கள். நம் ஊர் வெயிலுக்கு அதுவே அதிகம்.

தேய்மானத்துக்குத் தனிக் கணக்கு. பள்ளத்துக்குள் சிறு ரப்பர் மேடுகள் இருக்கும்; உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது.

புது டயர் வாங்கும்போது, மாட்டுவதற்கு முன்பே தேதியைக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள். ஓடாமலே வயதாகிக் கிடப்பது பெரும்பாலும் அதுதான்.