ராஜாளியின் கூட்டிலிருந்து கடற்கரைக்கு

அரக்கோணத்தில் 25 ஆண்டுகள் இருந்த போர் விமானம் இப்போது விசாகப்பட்டினத்தில் அருங்காட்சியகம். உப்புக்காற்று அதை விட்டுவைக்குமா?

திருப்பதியிலிருந்து சென்னைக்கு ரயிலேறினால் ரேணிகுண்டா, புத்தூர், ஏகாம்பரகுப்பம், திருத்தணி என்று தாண்டி அரக்கோணம் வந்துசேர இரண்டு மணி நேரம் போதும். பழைய சித்தூர் மாவட்டத்தின் இந்த விளிம்பில் மாநில எல்லை பெரிய விஷயமல்ல. திருத்தணியே 1960 வரை சித்தூர் மாவட்டத்து ஊர்தான். நகரியின் தறி வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். எல்லையை மதிக்காத இன்னொன்றும் இங்கே உண்டு: விமானச் சத்தம்.

சத்தத்துக்குச் சொந்தக்காரர் டியூ-142. சோவியத் யூனியனின் டூபோலெவ் நிறுவனம் வடிவமைத்த, நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடும் விமானம். இந்தியக் கடற்படை 1988இல் எட்டு விமானங்களை வாங்கி முதலில் கோவாவில் வைத்திருந்தது. 1992 மார்ச்சில் அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி தளம் திறக்கப்பட்டதும் அவை அங்கே குடிபெயர்ந்தன. அரக்கோணம் விமானங்களுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே அங்கே ஓடுதளம் இருந்தது. இப்போதைய ஓடுதளத்தின் நீளம் நான்கு கிலோமீட்டருக்கும் மேல்.

டியூ-142இன் இறக்கை விரிவு சுமார் 50 மீட்டர். நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பெல்லர்கள். முன்னது ஒரு திசையில் சுழன்றால் பின்னது எதிர்த்திசையில் சுழலும். முன்னது கிளப்பிவிடும் காற்றுச் சுழலைப் பின்னது வெட்டிக்கொண்டு போவதால் உந்துசக்தி வீணாவதில்லை. ஆனால் அந்த வெட்டில்தான் காதைப் பிளக்கும் இரைச்சலும் பிறக்கிறது. மொத்தம் 32 தகடுகள். புரொப்பெல்லர் விமானங்களில் இத்தனை வேகமும் இத்தனை சத்தமும் கொண்டவை உலகில் அரிது. 1988இல் மாலத்தீவு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியை இந்தியா முறியடித்தபோதும் இவை பறந்தன. 29 ஆண்டுகளில் சுமார் 30,000 மணி நேரம். ஒரு விபத்துகூட இல்லை.

2017 மார்ச் 29இல் அரக்கோணத்தில் விடைகொடுப்பு விழா. ஓய்வுபெறும் ராணுவ விமானத்துக்கு நம் நாட்டில் வழக்கமாகக் காத்திருப்பது இரண்டு விதி: பழைய இரும்புக்கடை அல்லது ஏதாவது ஒரு நாற்சந்தியில் கம்பத்தின் மேல் வாழ்க்கை. இந்த விமானத்துக்கு மூன்றாவது வழி கிடைத்தது. ஆந்திர அரசு கேட்டுக்கொள்ள, ஒரு டியூ-142 அடுத்த மாதமே விசாகப்பட்டினத்துக்கு வந்துசேர்ந்தது. அங்கே இறக்கை, வால், எஞ்சின் எல்லாம் கழற்றப்பட்டு, துண்டு துண்டாகக் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவரப்பட்டு மீண்டும் பூட்டப்பட்டது. 2017 டிசம்பர் 7இல் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். எதிரே, 2002 முதல் அருங்காட்சியகமாக இருக்கும் ஐஎன்எஸ் குர்சுரா நீர்மூழ்கி. வேட்டைக்காரனும் வேட்டைப்பொருளும் சாலையின் இரு பக்கங்களில்! இதைத் திட்டமிட்டவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

பார்வையாளர்கள் விமானத்தின் வயிற்றுக்குள்ளேயே நடக்கலாம். நீர்மூழ்கியின் ஒலியை ஒட்டுக்கேட்கக் கடலில் வீசப்படும் மிதவைகள், எஞ்சின், கறுப்புப் பெட்டி எல்லாம் தனியே காட்சிக்கு இருக்கின்றன. கண்ணாடிக்கு அப்பால் வைத்து மிரட்டும் அருங்காட்சியகங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அந்த வகையில் வெற்றிதான்.

கவலை வேறிடத்தில். விமானத்தின் தோல் அலுமினியக் கலவை. உப்பும் ஈரமும் அதன் பகைவர்கள். எஃகு ஆணியும் அலுமினியத் தகடும் சந்திக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடும். அலுமினியம் மெல்லக் கரையும். மேலே பெயின்ட் பளபளக்க, உள்ளே தகடு பொருக்காகும். பறந்துகொண்டிருந்தவரை ஊழியர்கள் கழுவித் துடைத்து ஒவ்வொரு மூட்டையும் பரிசோதித்தார்கள். காட்சிப்பொருளானபின் அந்தக் கவனிப்பு தொடராவிட்டால் திறந்த வெளியும் வங்கக் கடலும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அமெரிக்கா தன் பழைய ராணுவ விமானங்களை அரிசோனா பாலைவனத்தில் நிறுத்திவைப்பது சும்மா அல்ல. அங்கே காற்று வறண்டது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் கடற்காற்று எட்டாத ராயலசீமாதான் இந்த விமானத்துக்கு ஏற்ற இடம். ஆனால் உலோகத்துக்கு எது நல்லது என்பதைவிடக் கூட்டம் எங்கே கூடும் என்பதே இடத்தைத் தீர்மானிக்கிறது. மாலையில் கூட்டம் கூடுவது விசாகப்பட்டினம் கடற்கரையில். நகரியின் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பக்கத்து ஊர் விமானத்தைப் பார்க்க ஓர் இரவு ரயிலில் போக வேண்டும்.

பாதுகாக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அமெரிக்கத் தயாரிப்பான லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை யாரும் பயன்படுத்த முடியாதபடி சிதைத்துக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனது பிரிட்டன். ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஊழியர்கள் அந்தக் குப்பையிலிருந்து சுமார் நாற்பது விமானங்களை ஒட்டுப்போட்டு எழுப்பினார்கள். இந்திய விமானப்படை அவற்றை 1968 வரை ஓட்டியது. மற்ற நாடுகள் தங்களுடையதை உருக்கித் தீர்த்திருந்ததால், பிரிட்டன், கனடா, அமெரிக்க அருங்காட்சியகங்கள் லிபரேட்டர் தேடி இந்தியாவுக்கு வந்தன. ஒன்று தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எறிந்தவர்களே திரும்பிவந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனதில் நமக்குக் கொஞ்சம் பெருமைப்பட உரிமை உண்டு.

அதே நாட்டில்தான் முதல் விக்ராந்த் போர்க்கப்பல், மும்பையில் பல ஆண்டுகள் அருங்காட்சியகமாக இருந்தபின், பராமரிக்க வழியில்லை என்று சுமார் 60 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டு 2014இல் உடைக்கப்பட்டது. அதன் இரும்பில் கொஞ்சம் பஜாஜ் மோட்டார் சைக்கிளாக ஓடியது.

பறக்கவைத்தே பாதுகாப்பது இன்னொரு வழி, செலவு பிடிக்கும் வழி. 1947 அக்டோபர் 27இல் ஸ்ரீநகரில் படைகளை இறக்கியவை டகோட்டா விமானங்கள். அந்த ரகத்தில் ஒன்றைப் பிரிட்டனில் சீரமைத்து விமானப்படைக்குப் பரிசளித்தார் ராஜீவ் சந்திரசேகர். அவருடைய தந்தை டகோட்டா ஓட்டிய விமானி. பரசுராமா என்று பெயரிடப்பட்ட அந்த விமானம் 2018இல் பிரிட்டனிலிருந்து தானே பறந்து இந்தியா வந்தது. டியூ-142க்கு அந்த யோகம் கிடையாது. அதன் ராட்சத எஞ்சினுக்கு உதிரிபாகமும் தீனியும் போட்டுக் கட்டுப்படியாகாது.

அரக்கோணத்தில் அதன் இடத்தில் இப்போது நிற்பவை போயிங் பி-8ஐ. முதல் விமானம் 2013 மே மாதம் வந்தது. இரண்டே எஞ்சின், இரண்டும் ஜெட். புரொப்பெல்லர் இல்லை, அந்தப் பழைய உறுமலும் இல்லை.