மானுக்குப் பின் மீன் வந்தது

இத்தாலிப் பயணம் என்றதும் ரோம், வெனிஸ், பைசா கோபுரம் என்று பட்டியல் போடுவோம். அதில் லெவான்சோ தீவுக்கும் ஒருநாள் ஒதுக்கிப் பாருங்களேன். சிசிலியின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் இந்தக் குட்டித் தீவு, நம் செந்தோசாவைவிடச் சற்றுதான் பெரியது.

அங்கே 'குரோத்தா தெல் ஜெனொவேசே' என்றொரு குகை. 1949ல் விடுமுறைக்கு வந்த ஓவியர் பிரான்செஸ்கா மினெலோனோ, அதன் சுவரில் இருந்த படங்களைக் கண்டார். அதன் பிறகே உலகம் இந்தக் குகையைத் திரும்பிப் பார்த்தது.

சுவரில் இரண்டு காலத்துப் படங்கள் உள்ளன. பழையவை, சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பாறையில் கீறப்பட்டவை. மான், காட்டு மாடு, குதிரை இன விலங்குகள் என எல்லாம் உயிரோட்டத்துடன் இருக்கின்றன. தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் இளமான்தான் அவற்றில் புகழ்பெற்றது. பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் கருநிறத்தில் தீட்டியவை மற்றவை. அவற்றில் மனித உருவங்களோடு மீனும் இருக்கிறது. டூனா என்று டின்னில் வாங்குகிறோமே, அதே சூரை மீன்!

இத்தனை சிறிய தீவுக்கு மான் எப்படி வந்தது? நடந்துதான் வந்தது. பனியுகத்தில் கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்ததால் லெவான்சோ சிசிலியோடு ஒட்டிய நிலமாக இருந்தது. பனி உருகியது, கடல் ஏறியது, மேய்ச்சல் நிலம் மூழ்கியது. பின்னால் வந்தவர்களுக்குக் கடலே வாழ்வானது. பக்கத்துத் தீவான பாவிஞானாவில், பழைய சூரை மீன் ஆலை ஒன்று இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆக, கடல் ஏறிய கதையை அந்தச் சுவரிலேயே படித்துவிடலாம்.

பலெர்மோவிலிருந்து திராப்பானி துறைமுகத்துக்குப் பேருந்தில் போய், அங்கிருந்து அதிவேகப் படகில் ஏறினால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் லெவான்சோ. குகைக்கு முன்பதிவு அவசியம். வழிகாட்டியுடன்தான் உள்ளே போக முடியும். நடந்து போனால் செங்குத்தான இறக்கம் உண்டு. நல்ல காலணி அணியுங்கள்.

உள்ளே சுவரைத் தொடவே கூடாது. பலெர்மோ அருகே உள்ள அத்தௌரா குகையிலும் இதுபோல அரிய கீறல் படங்கள் உண்டு. ஆனால் பாறை சரியும் அபாயத்தால் 1997ல் அது மூடப்பட்டது. லெவான்சோ இன்னும் திறந்திருப்பது நம் அதிர்ஷ்டம்.

பிள்ளைகளை அழைத்துப் போனால் சுவர் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மான் முதலில் வந்ததா, மீன் முதலில் வந்ததா?" பதிலை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.