பெருக்கிய தூசி எங்கே போகிறது?

புதுச்சேரியில் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு வீட்டைப் பெருக்கும் வேலை முடிவதே இல்லை. குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் காலையில் கூட்டிய கூடத்தில் மாலைக்குள் மீண்டும் மணல் நறநறக்கும். கண்ணுக்குத் தெரியும் இந்த மணலைத் துடைப்பம் எளிதாகத் திரட்டிவிடுகிறது. மூச்சுக்குள் போகக்கூடிய நுண்தூசியிடம்தான் அது தோற்கிறது.

காரணம், துகள்கள் விழும் வேகம். சிறு துகள் காற்றில் விழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்கிறது ஸ்டோக்ஸ் விதி. மணல் எழும்பினாலும் சில விநாடிகளில் தரைக்கு வந்துவிடும். நீரின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் துகள், அசைவற்ற காற்றில் ஒன்றரை மீட்டர் இறங்க எட்டு நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய அரை நாள் வேண்டும். மின்விசிறி ஓடும் அறையில் இன்னும் தாமதமாகும். துடைப்பம் கிளப்பிய தூசியில் ஒரு பகுதியை, பெருக்கி முடித்த பிறகும் நாம் சுவாசித்துக்கொண்டே இருக்கிறோம்.

அந்தத் தூசியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். வீட்டுத் தூசி ஒவ்வாமைக்குத் தூசிப் பூச்சிகளே முதன்மைக் காரணம் என்பதை 1960-களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மனிதத் தோலின் உதிரிகளைத் தின்று வாழும் இவை நீர் குடிப்பதில்லை; காற்றின் ஈரத்தை உடலால் ஈர்த்துக்கொள்கின்றன. அதனால் கடலோர ஊர்கள் இவற்றுக்கு வசதியானவை. இவற்றின் நுண்ணிய கழிவுகள் காற்றில் எழும்பி மூக்குக்குள் போகும்போதுதான் தும்மலும் இழுப்பும் தொடங்குகின்றன.

துடைப்பத்துக்கு மாற்றாக, எளிதில் நகர்த்தக்கூடிய மின்சார வேக்குவம் கிளீனர் வீடுகளுக்குள் பரவியதே ஓர் ஆஸ்துமா நோயாளியால்தான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கேன்டன் நகரக் கடை ஒன்றில் துப்புரவுப் பணி செய்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். பெருக்கும்போது எழும் தூசி அவருக்கு மூச்சிரைப்பைத் தந்தது. விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து ஒரு கருவி செய்தார். 1908-இல் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கிய ஹூவர் குடும்பத்தின் பெயரே பிறகு உலகெங்கும் நிலைத்தது.

இன்றைய இலகுவகை ஸ்டிக் வேக்குவம் பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று கிலோ எடைதான். உள்ளே வேகமாகச் சுழலும் விசிறி காற்றழுத்தத்தைக் குறைக்க, வெளிக்காற்று தூசியோடு உள்ளே பாய்கிறது. அந்தக் காற்று ஒரு சுழலறைக்குள் சுற்றுகிறது. இரண்டு சென்டிமீட்டர் ஆரத்தில் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சுற்றினால், தூசியின் மேல் புவியீர்ப்பைவிட 2,000 மடங்கு விசை செயல்படும். கனமான தூசி ஓரத்தில் மோதிக் குப்பைக் கலத்தில் விழ, மிச்சத்தை வடிகட்டி பிடிக்கிறது. ஹெபா தர வடிகட்டி என்றால் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். மட்டமான வடிகட்டியுள்ள கருவி நுண்தூசியைப் பின்பக்கம் வழியாக அறைக்கே திருப்பித் தந்துவிடும். எனவே வாங்கும்போது உறிஞ்சும் வேகத்தைவிட வடிகட்டியின் தரத்தை முதலில் கேளுங்கள்.

தரைக்கும் வேக்குவத்தால் நன்மை உண்டு. கடல் மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. பளிங்கின் கடினம் 3 மட்டுமே. மணலை எடுக்காமல் மாப் போட்டால் அது உப்புத்தாள் தேய்ப்பதுபோல் பளிங்கையும் பழைய ரெட் ஆக்ஸைடு தரையையும் மங்கச் செய்யும். முதலில் மணலை உறிஞ்சுங்கள், பிறகு துடையுங்கள். கம்பளத்துக்கான முரட்டுத் தூரிகை வழவழப்பான தரையில் மணலைச் சிதறடிக்கும். அத்தகைய தரைக்கு மென்மையான உருளையே பொருத்தம்.

கோலமாவு, விபூதி, சாம்பல் போன்ற நுண்பொடிகள் வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். ஈரத்தையும் உறிஞ்சக் கூடாது. கழுவத்தக்க வடிகட்டியை முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். குப்பைக் கலத்தை வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். மின்செலவு சொற்பம்: 21.6 வோல்ட், 2,500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் 54 வாட்-மணி ஆற்றல் அடங்கும். இழப்பைச் சேர்த்தாலும் ஒரு யூனிட் மின்சாரத்தில் 15 முறை சார்ஜ் செய்யலாம். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

வாசலுக்கும் முற்றத்துக்கும் தென்னந்துடைப்பமே போதும். அறைகளுக்குள், குறிப்பாக இழுப்பு உள்ளவர் படுக்கும் அறையில், வேக்குவத்துக்கு முதலிடம் கொடுங்கள். வாங்க வசதியில்லாத வீடுகளில் ஈர மாப்பும் நுண்தூசியைப் பிடித்துக்கொள்ளும். பெருக்குபவர் வீட்டு வேலைக்கு வருபவரானாலும் நம் அம்மாவானாலும், அவர் மூக்குக்கு ஒரு முகக்கவசம் தருவது நம் கடமை.