தடுக்கப்பட்ட தளமும் தொலைந்து போன பணமும்

கள்ளக்குறிச்சியில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். என் வாடிக்கையாளர்களில் பலர் கல்வராயன் மலையிலிருந்து வருபவர்கள். வெள்ளிமலையில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக வந்து இறங்குவார்கள். மலையில் பல ஊர்களில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. எனவே டவுனுக்கு வந்தவுடன் முதல் வேலை டவுன்லோட் தான். புதுப் படம் ஒன்று பென் டிரைவில் ஏறிவிட்டால், அது மலையில் பத்து வீடு சுற்றி வரும்.

2023ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, கடை திறந்தவுடன் கல்லூரி மாணவர் ஒருவர் லேப்டாப்புடன் வந்தார். "அண்ணே, பார்மட் பண்ணிடுங்க. எல்லாத்தையும் அழிச்சிடுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

இரண்டு நாள் முன்பு அவர் ஒரு திருட்டுப் படத் தளத்தைத் திறந்திருக்கிறார். தளம் தடை செய்யப்பட்டதாகச் செய்தி வந்தது. புது முகவரி தேடி, அதே பெயரில் உள்ள வேறொரு தளத்திற்குள் நுழைந்தார். படம் பார்க்க போனில் ஒரு பிளேயர் ஆப் வேண்டும் என்று அது சொன்னது. ஆப் கேட்ட எஸ்.எம்.எஸ். அனுமதியையும் கொடுத்துவிட்டார். அவருடைய அம்மாவின் வங்கிக் கணக்கு அந்த போன் எண்ணுடன்தான் இணைக்கப்பட்டிருந்தது. மரவள்ளிக் கிழங்கு விற்றுச் சேர்த்த பணம் அன்றிரவு மூன்று தவணையாகப் போய்விட்டது.

"புகார் கொடுத்தா, திருட்டுப் படம் இறக்கினதுக்கு என்னையே பிடிச்சிடுவாங்களாண்ணே?"

இந்தப் பயத்தில் அவர் ஒன்றரை நாளை வீணாக்கியிருந்தார். அவருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

தளத்தை எப்படித் தடுக்கிறார்கள்?

பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரை டைப் செய்கிறீர்கள். அந்தப் பெயருக்கு உரிய ஐ.பி. எண்ணை டி.என்.எஸ். சர்வர் தேடித் தருகிறது. போன் டைரக்டரி போல என்று வைத்துக் கொள்ளுங்கள். நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டால், இணைய இணைப்பு தரும் நிறுவனம் அந்த எண்ணைத் தராமல் நிறுத்திவிடலாம். அல்லது நீங்கள் கேட்கும் தளத்தின் பெயரைப் பார்த்து, இணைப்பைத் துண்டித்துவிடலாம்.

இரண்டிலும் தடுக்கப்படுவது பெயர்தான். படம் உள்ள சர்வர் வேறு எங்கோ அப்படியே ஓடிக் கொண்டிருக்கும். கடையின் போர்டைக் கழற்றினால், கடைக்காரர் மறுநாள் வேறு போர்டு மாட்டிக் கொள்வார் அல்லவா? அதே கதைதான்.

2018 நவம்பரில் ரஜினிகாந்த் நடித்த '2.0' படம் வெளியானபோது, 12,000க்கும் மேற்பட்ட தளங்களைத் தடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இவற்றில் 2,000க்கும் மேற்பட்டவை தமிழ் ராக்கர்ஸ் குழுவின் முகவரிகள். அப்படி இருந்தும் படத்தின் திருட்டுப் பிரதி இணையத்தில் வந்துவிட்டது.

2012இல் நடந்தது என்ன?

தடை சில நேரம் தேவைக்கு மேலும் போய்விடும். தனுஷ் நடித்த '3' படத்தின் தயாரிப்பாளர்கள் 2012இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு பெற்றார்கள். 'கொலவெறி' பாட்டு இந்தப் படத்தில் வந்ததுதான். அந்த உத்தரவைக் காட்டி, சில இணைய நிறுவனங்கள் விமியோ, பேஸ்ட்பின் போன்ற தளங்களையே முழுவதுமாக அடைத்துவிட்டன. சொந்தமாக எடுத்த வீடியோவை விமியோவில் வைத்திருந்தவர்களுக்கும் கதவு மூடியது. என் கடைக்கு வந்தவர்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று நினைத்தார்கள். எனக்கும் முதலில் காரணம் புரியவில்லை.

2012 ஜூன் 22 அன்று நீதிமன்றம் விளக்கம் தந்தது. திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட யு.ஆர்.எல். முகவரியை மட்டும் தடுத்தால் போதும், முழுத் தளத்தையும் அல்ல என்றது. நியாயமான தீர்வு. ஆனால் இன்று இதை நடைமுறைப்படுத்துவது கடினம். ஏன் என்று பார்ப்போம்.

உங்களை யார் பார்க்கிறார்கள்?

அன்று பல தளங்கள் எச்.டி.டி.பி. முறையில் இயங்கின. நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்பதை இணைப்பு தரும் நிறுவனம் பார்க்க முடிந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். முறைக்கு வந்துவிட்டன. இதில் நிறுவனத்திற்குப் பொதுவாகத் தளத்தின் பெயர் மட்டும் தெரியும். உள்ளே எந்தப் பக்கம், என்ன டைப் செய்தீர்கள் என்பது தெரியாது. உங்கள் பாஸ்வேர்டைக் காப்பாற்றும் இதே பாதுகாப்புதான், ஒரு பக்கத்தை மட்டும் தனியே தடுக்க முடியாமலும் செய்கிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு வழியில் மட்டும்தான். மறுமுனையில் இருக்கும் தளம் திருடனுடையது என்றால், உங்கள் தகவல் பத்திரமாகத் திருடனிடமே போய்ச் சேரும்! பிரவுசரின் பிரைவேட் விண்டோவும் உங்கள் கம்ப்யூட்டரில் ஹிஸ்டரி பதியாமல் தடுக்குமே தவிர, நிறுவனத்திடமிருந்து உங்களை மறைக்காது. இலவச வி.பி.என். போட்டால், இணைப்பு நிறுவனம் பார்த்ததை வி.பி.என். நடத்துபவர் பார்ப்பார்.

அந்தரங்கம் நமது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமையை ஓர் 'அலோ' பட்டனில் நாமே கொடுத்துவிடக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் பைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனு சென்று, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்திடவும். படம் என்று வந்த பைலின் பெயர் 'இ.எக்ஸ்.இ.' என முடிந்தால் அது படம் அல்ல, புரோகிராம். உடனே அழித்துவிடவும்.

2. குரோம் பிரவுசரில் செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் எனச் செல்லவும். தெரியாத தளங்களுக்கு அனுமதி இருந்தால் நீக்கவும்.

3. போனில் பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப் பதிய வேண்டாம். படம் காட்டும் ஆப்பிற்கு எஸ்.எம்.எஸ். எதற்கு? பெர்மிஷன் மேனேஜரில் எந்தெந்த ஆப்பிற்கு அந்த அனுமதி உள்ளது என்று இன்றே பார்க்கவும்.

4. பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்கவும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் சொல்லவும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் நிறுத்த வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

5. ஆதாரத்தை அழிக்காதீர்கள். புகார் கொடுக்கும் முன் பார்மட் செய்யக் கூடாது. போனில் நெட்டை மட்டும் அணைத்து வைக்கவும்.

திருட்டுப் படம் சட்டப்படி தவறுதான். படத்தைப் பதிவு செய்து பரப்புபவர்களுக்கு, 2023இல் திருத்தப்பட்ட சினிமா சட்டம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. எனவே அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆனால் போய் ஏமாந்துவிட்டால், அந்தப் பயத்தில் வாயை மூடிக் கொள்ளாதீர்கள். நீங்கள் வெட்கப்பட்டுச் சும்மா இருப்பீர்கள் என்பதுதான் ஏமாற்றுபவரின் கணக்கு.

அன்று என் கடையிலிருந்தே மாணவரை 1930க்குப் பேச வைத்தேன். "என்ன படம் பார்த்தாய்?" என்று யாரும் கேட்கவில்லை. வங்கி, நேரம், தொகை ஆகியவற்றைத்தான் கேட்டார்கள். தாமதமானதால் கடைசித் தவணையை மட்டுமே நிறுத்தி வைக்க முடிந்தது. முதல் இரண்டும் கைமாறிப் போய்விட்டன.

இப்போதும் அவர் மலையிலிருந்து வருகிறார். பென் டிரைவும் கொண்டு வருகிறார், பாட நோட்ஸ் ஏற்றிச் செல்ல. போன மாதம் தன் ஊரிலிருந்து இன்னொரு பையனைக் கூட்டி வந்தார். "அண்ணே, இவன் போன்ல அந்த எஸ்.எம்.எஸ். அனுமதியை ஒரு தடவை பாத்துடுங்க" என்றார்.