கரையில் ஒரு நாள்

சேர்குலர் கீயில் நிற்கும் பெரிய பயணக் கப்பலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறிச் சிட்னி நகரத்துக்குப் போகும் நாளில், ஒரு மாடிக் கட்டடம் தண்ணீரில் மிதப்பது போல அது தெரியும். "இது எங்க போகுது?" என்று அப்பாவிடம் கேட்டும் இருப்பீர்கள்.

இப்படிப்பட்ட கப்பல் ஒரு துறைமுகத்தில் பெரும்பாலும் ஒரு பகல்தான் நிற்கும். காலையில் இறங்கலாம். மாலையில் திரும்பி ஏற வேண்டும். அந்த ஒரு பகலில் எங்கே போவது? மெக்சிகோவில் இறங்குபவர்களுக்கும் இதே கேள்விதான். இலங்கையில் இறங்குபவர்களுக்கும் இதே கேள்விதான்.

2023 ஜூன் மாதம் சென்னையில் இருந்து இலங்கைக்கு ஒரு பயணக் கப்பல் ஓடத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு அது போனது. அப்படி ஒரு கப்பலில் நீங்களும் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அம்மா, அப்பா, அம்மம்மா எல்லாரும் வருகிறார்கள். நாளைக் காலை திருகோணமலை. அது அம்மம்மா பிறந்த ஊர்.

இரவுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு தொடங்குகிறது.

"நான் புறாத்தீவுக்குப் போகோணும். அங்க சின்னச் சுறா பாக்கலாமாம்!" இது நீங்கள்.

"கோணேசரைக் கும்பிடாமல் எப்படி வாறது?" இது அம்மா.

"மத்தியானம் நல்ல மீன் குழம்பும் சோறும் வேணும்." இது அப்பா.

அம்மம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என்னை ஒருக்காக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அது போதும்."

முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள்

கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் என்று வைத்துக்கொள்வோம். "ஒன்பது மணித்தியாலம் இருக்கு!" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் கணக்கைக் கடைசியில் இருந்து பின்னோக்கிப் போட வேண்டும்.

5 மணிக்குப் புறப்படும் கப்பலில் 4 மணிக்கே ஏறச் சொல்வார்கள். வழியில் டயர் காற்றுப் போகலாம், தெரு அடைபடலாம். அதற்காக இன்னும் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்குங்கள். அப்படியென்றால் 3 மணிக்குத் துறைமுகத்தில் நிற்க வேண்டும். காலையில் வரிசையில் நின்று இறங்க 9 மணி ஆகிவிடும். மிச்சம் ஆறு மணித்தியாலம்தான்!

கப்பல்காரர் நடத்தும் சுற்றுலாவில் போனால், அது பிந்தினாலும் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நீங்களாக வேன் பிடித்துப் போனால் காத்திருக்காது. ஆனால் விரும்பிய இடத்துக்குப் போகலாம், விரும்பிய நேரம் நிற்கலாம். இரண்டிலும் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு.

இடங்களை அறிந்துகொள்ளுங்கள்

*கோணேசர் கோயில்:* நகரத்திலேயே, கடலுக்கு மேலே ஒரு மலைப்பாறையில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அங்கே கோட்டை கட்டினார்கள். இன்றைய கோயில் பிறகு கட்டப்பட்டது. கோட்டை வாசலுக்குள்ளே போனால் புள்ளிமான்கள் மேய்வதைப் பார்க்கலாம். மத்தியானம் கோயில் நடை சாத்தக்கூடும். ஆகவே காலையில் போவது நல்லது.

*கன்னியா:* நகரத்தில் இருந்து சுமார் 8 கிலோமீட்டர். பக்கத்துப் பக்கத்தில் ஏழு சிறிய கிணறுகள். எல்லாவற்றிலும் வெந்நீர்! ஆனால் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. நிலத்துக்கு அடியில் ஆழத்தில் சூடான தண்ணீர் மேலே ஊறி வருகிறது. உள்ளே இறங்கிக் குளிப்பதில்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவார்கள். இராவணன் தன் தாய்க்குக் கடைசிக் கடன் செய்ய இந்த ஊற்றுகளை உண்டாக்கினான் என்று ஒரு கதை உண்டு. இறந்துபோன அம்மா அப்பாவை நினைத்து இங்கே சடங்கு செய்வது ஊர் வழக்கம்.

*புறாத்தீவு:* நகரத்துக்கு வடக்கே, சுமார் 15 கிலோமீட்டரில் நிலாவெளி. அங்கிருந்து படகில் போக வேண்டும். பவளப் பாறைகளும் நிற நிறமான மீன்களும் இருக்கின்றன. கடல் அமைதியாக இருந்தால்தான் படகு போகலாம். நவம்பர், டிசம்பர் மழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். ஜூன் மாதம் நல்ல காலம். ஆனால் படகு, டிக்கெட், உடுப்பு மாற்றுவது என்று அரை நாள் போய்விடும்.

எதை விடுவது?

ஆறு மணித்தியாலத்தில் மூன்று இடமும் போனால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. எதையாவது விட வேண்டும். அதற்கு ஒவ்வொருவரும் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்கலாம்: "இன்றைக்கு விட்டால், இதை வேறு எங்கே, எப்போது பார்ப்பேன்?"

பவளப் பாறையைக் குயின்ஸ்லாந்திலும் பார்க்கலாம். நீங்கள் வளர்ந்த பிறகு நிலாவெளிக்கும் வரலாம். மீன் குழம்பு நகரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். அம்மம்மாவுக்கு?

நீங்கள் கேட்கிறீர்கள்: "ஏன் அம்மம்மா கன்னியா?"

"என்ர அம்மா செத்தபோது நான் சிட்னியில. சண்டைக் காலம். வரேலாமல் போச்சுது," என்கிறார் அம்மம்மா. "அந்தத் தண்ணியில ஒரு வாளி அள்ளி ஊத்தினால் மனம் ஆறும்."

இப்போது உங்கள் முடிவு என்ன? ஒரு திட்டம் இப்படி இருக்கலாம்:

9:00 – வேனில் கன்னியாவுக்கு. அவசரப்படுத்தாமல் நிற்பது.
11:00 – கோணேசர் கோயில். மேலே இருந்து கடலைப் பார்ப்பது.
12:30 – மீன் குழம்புச் சாப்பாடு.
1:30 – கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரையில் கால் நனைப்பது.
2:30 – திரும்புவது.

இதில் புறாத்தீவு இல்லை. உங்களுக்குக் கவலையாகத்தான் இருக்கும். கவலை இல்லை என்று பொய் சொல்லத் தேவையில்லை. "அடுத்த முறை புறாத்தீவு, சரியோ?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் முன் மறக்க வேண்டாம்

• கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றா என்று கேளுங்கள்.
• கப்பல் அட்டையும் தேவையான பத்திரங்களும் கையில் இருக்கட்டும்.
• வேனில் ஏறும் முன் வாடகையைப் பேசி முடியுங்கள்.
• தொப்பியும் தண்ணீரும் எடுங்கள். கோயிலுக்கு முழங்கால் மூடும் உடுப்பு வேண்டும்.

சொல் அறிவோம்

மணித்தியாலம் – 60 நிமிடம்
ஒருக்கா – ஒரு தடவை (பேச்சு)
வரேலாமல் – வர இயலாமல் (பேச்சு)
கொந்தளித்தல் – அலை பெரிதாக எழுதல்

பேசுவோம், எழுதுவோம்

1. கணக்கை ஏன் பின்னோக்கிப் போட வேண்டும்?
2. இந்தத் திட்டத்தில் நீங்கள் எதை மாற்றுவீர்கள்? ஏன்?
3. உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள்: "உங்கட ஊருக்கு ஒரு நாள் மட்டும் போகலாம் என்றால் எங்க போவீங்கள்?" அவர் சொன்னதை ஐந்து வசனங்களில் எழுதுங்கள்.