மேல்மண்ணுக்கு யார் கணக்கு வைப்பது?

அபுதாபி நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 240 கிலோமீற்றர் தொலைவில் உள்ள ருவைஸ், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றி எழுந்த நகரமாகும். 1980களின் தொடக்கத்தில் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கும் வரை அங்கே மணலும் கடலுமே இருந்தன. அக்கரையோரம் 'சப்கா' எனப்படும் உவர்நிலத்துக்குப் பேர்போனது. நிலத்தடி உவர்நீர் மேலேறி வெயிலில் ஆவியாக, உப்பும் ஜிப்சமும் தரையில் படிந்துவிடும். அத்தகைய தரையில் ஒரு வேப்பங்கன்றை நடுவதாயினும் குழிதோண்டி, உவர்மண்ணை அகற்றி, வேறிடத்திலிருந்து பாரவூர்தியில் வந்த உவர்ப்பற்ற மணலையும் எருவையும் இட்டு, சொட்டுநீர்க் குழாயும் இழுத்தாக வேண்டும். அம்மணலைத் தொழிலாளர் 'சுவீற் சாண்ட்' என்பர். அதற்கு விலையுண்டு, கணக்குண்டு, கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளும் சீட்டும் உண்டு.

அமீரகத்தின் தேசிய மரமான 'காஃப்' எம்மவரின் வன்னி மரமே என்பது பலருக்குத் தெரியாது. அம்மரத்தைப் பாலையில் வளர்க்கும் பணியில் எத்தனையோ தமிழ்க் கைகள் ஈடுபட்டுள்ளன. கடலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குச் சென்றோரும் அவர்களுள் உளர். இவர்கள் விலைகொடுத்து வாங்கிய மண்ணைக் கொட்டிப் பரப்பிக்கொண்டிருக்க, ஊரிலோ விலைமதிப்பற்ற மண் சுரங்கக் கழிவுடன் கலந்து மலைமலையாகக் குவிக்கப்படுகின்றது. இம்முரண்பாட்டைப் பற்றியே இன்று எழுத விழைகின்றோம்.

நெய்வேலியின் கதை வாசகர் அறிந்ததே. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் உருவானது. 1957இல் நேருவின் முன்னிலையில் அகழ்வு தொடங்கியது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. மறுவருடமே மின்சாரம் பிறந்தது. தென்னிந்தியாவின் இருளகற்றியதில் நெய்வேலியின் பங்கை எவரும் மறுக்கவியலாது. ஆனால் அந்நிலக்கரியை எட்டுவதற்கு முன் 50 மீற்றருக்கும் மேற்பட்ட மண்ணையும் மணற்கல்லையும் அகற்றவேண்டியுள்ளது. ஒரு தொன் நிலக்கரிக்கு ஐந்து, ஆறு கன மீற்றர் வரையான மேற்படுகை தோண்டப்படுகின்றது.

அந்த ஐம்பது மீற்றரில் உயிருள்ளது மிகச் சிறு பகுதியே. மேலேயுள்ள ஓரடி, கூடினால் ஒன்றரையடி. இலைமக்கு, மண்புழு, வேரோடு கூடிவாழும் பூஞ்சை, அடுத்த மழைக்காகக் காத்திருக்கும் புல்விதை யாவும் அவ்வோரடிக்குள்ளேயே அடங்கும். அதன் கீழிருப்பது கட்டடம் கட்டவோ பள்ளம் நிரப்பவோ உதவும். பயிர் செய்ய உதவாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் இல்லாத குறைக்கு, மழை பெய்தால் இறுகும், வெயில் எரித்தால் வெடிக்கும்.

வாளிச்சக்கர அகழ்பொறியின் முன் இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. மாடிக்கட்டடம் போன்ற அவ்வியந்திரம் மேலிருந்து கீழாக ஒரே சீராக அரிந்து இழுக்கும்போது ஓரடி உயிர்மண் அடிமண்ணுக்குள் கரைந்து மறைந்துவிடும். ஆதலின் அகழ்பொறி வருமுன்னரே மேல்மண்ணைத் தனியாக வழித்தெடுக்க வேண்டும். அதுவும் மழைக்காலத்தில் ஆகாது; ஈரமண்ணைச் சக்கரங்கள் மிதித்தால் அதன் நுண்துளைகள் அடைபட்டுவிடும்.

வழித்தெடுத்தால் மட்டும் போதாது. எடுத்த மண்ணை எங்கே, எப்படி, எத்தனை காலம் வைத்திருப்பது என்பதிலேயே மண்ணின் உயிர் தங்கியுள்ளது. இட வசதிக்காக மேல்மண்ணை உயரமான குன்றாகக் குவிப்போர் அதைக் காப்பதாகவே எண்ணிக்கொள்கின்றனர். குவியல் இரண்டு மூன்று மீற்றருக்கு மேல் உயர்ந்தால் உள்ளே காற்றுப் புகாது. வேர்ப்பூஞ்சை மடியும், புழு மடியும், விதை முளைதிறன் இழக்கும். சில வருடங்களின் பின் அகற்றிப் பார்த்தால் மண் இருக்கும், அதன் சாரம் இராது. தாழ்வாகப் பரப்பி, சுற்றிலும் வடிகால் வெட்டி, மேலே பயறோ சணலோ விதைத்து வேரோட விடவேண்டும். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பசளைக்கு வெட்டிப்போடும் காவிளாய் (தமிழகத்தில் கொளுஞ்சி) இதற்கு மிக உகந்தது. எல்லாவற்றிலும் சிறந்த வழி சேமிக்காமலே விடுவது. ஒரு புறம் வழித்த மண்ணை, அகழ்ந்து நிரப்பி முடிந்த மறுபுறத்தில் அன்றே கொண்டுசென்று பரப்புவது. மேற்கு அவுஸ்திரேலியாவின் பொக்சைற் சுரங்கங்களில், காட்டு விதைகள் அழியாதிருக்க, இம்முறையையே விரும்பிக் கைக்கொள்கின்றனர்.

ஜேர்மனியில் வாழும் எம்மவர்க்கு இவ்விடத்தில் ஒன்று கூறவேண்டும். கொலோன் நகருக்கு மேற்கே, கார்ஸ்வைலர், ஹம்பாக் ஆகிய இடங்களில் நிலக்கரிச் சுரங்கங்களைத் தாண்டிச் சென்றிருப்பீர்கள். நெய்வேலிக்கு வாளிச்சக்கரப் பொறிகளை வழங்கிய நாடும் ஜேர்மனியே. ஆனால் ரைன் பிரதேசத்தில் 'லோஸ்' எனப்படும் வளமான வண்டல்மண் தனியாக அகழப்படுகின்றது. வயலாக மீள வேண்டிய நிலத்தில் அம்மண் இரண்டு மீற்றர் தடிப்பில் பரப்பப்பட வேண்டும் என்பது விதி. பின்னர் ஏழு வருடங்கள் நிறுவனமே அதில் பயிர் செய்து மண்ணைத் தேற்றுகின்றது. முதல் மூன்று வருடங்கள் குதிரைமசால். அதன் பின்னரே நிலம் உழவனிடம் செல்லும். அங்கும் கிராமங்கள் அழிந்தன என்பதை மறக்கவில்லை. இம்மெராத் தேவாலயம் 2018 ஜனவரியில் இடிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் லுட்செராத் கிராமத்தில் நின்ற எதிர்ப்பாளர்களைப் பொலிஸார் வெளியேற்றினர். ரைன் பிரதேசத்து மண்ணின் தடிப்பும் நெய்வேலிக்கு வாய்க்கவில்லை. எனினும் மண்ணை ஒரு சொத்தாகக் கருதிக் கணக்கு வைக்கும் வழக்கத்துக்குத் தடிப்பு வேண்டியதில்லையே!

நெய்வேலியில் ஒன்றுமே செய்யப்படவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. நிரப்பிய பள்ளங்களின் மீது மரத்தோப்புகளும் பழத்தோட்டங்களும், சில இடங்களில் நெல்வயல்களும் உருவாக்கப்பட்டுள்ளன. ஆனால் மரம் வளர்வதும் வயல் மீள்வதும் ஒன்றல்ல. சவுக்கும் முந்திரியும் எந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். மூன்று தலைமுறை எருவிட்டுப் பண்படுத்திய நன்செயை மரத்தோப்பால் ஈடுசெய்ய இயலாது.

2023 ஜூலை 26ஆம் திகதி சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்கின்றோம். இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திசைதிருப்பும் கால்வாய், விளைந்து நின்ற நெற்பயிரின் மீது வெட்டப்பட்டது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். கண்ணெதிரே பயிர் அழிவதைக் கண்ட ஊர் கொதித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தை அடைந்தது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபா இழப்பீடு வழங்கப் பணிக்கப்பட்டது. அப்பணம் பயிருக்கானது. பயிரின் கீழிருந்த மண் அன்றைய விவாதங்களில் எவர் வாயிலும் அதிகம் இடம்பெறவில்லை.

அம்மண்ணின் அளவை நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு மண்ணை வழித்தால் ஏறத்தாழ 1,230 கன மீற்றர் வரும். பத்துக் கன மீற்றர் கொள்ளும் பாரவூர்தியில் ஏற்றினால் 123 நடை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர் ஆகையால், பரப்பொன்றுக்கு ஏழு எட்டு நடை. சுண்ணக்கல் தரையை உடைத்து, செம்மண் சுமந்துவந்து நிரப்பித் தோட்டமாக்கிய பரம்பரையினர்க்கு அந்த ஏழு எட்டு நடையின் பொருள் விளங்கும். 1950இல் உற்பத்தி தொடங்கி 1990இல் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல் அகழ்ந்த பள்ளங்களைக் கண்டோர்க்கும் விளங்கும்.

சட்டம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1977இன் நிலக்கரிச் சுரங்கச் சட்டம் மேல்மண்ணை வேறாக எடுத்துக் காக்குமாறு கட்டளையிட்டது. இந்தியாவிலும் சுரங்கங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதிகளில், மேல்மண்ணைக் குறித்த இடத்தில் சேமித்து மீட்புக்கே பயன்படுத்த வேண்டும் என்னும் நிபந்தனை வழக்கமாக இடம்பெறுகின்றது. சுரங்கம் முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்கும் நிபந்தனையையும் விதிக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் பணித்தது. குறை எழுத்தில் இல்லை, சரிபார்ப்பதில் உள்ளது. எத்தனை கன மீற்றர் எடுக்கப்பட்டது, எங்கே குவிக்கப்பட்டது, எப்போது திரும்பியது என்பதை ஊரார் கேட்டறிய வேண்டும்.

கேட்பதற்கு ஒரு வாயிலும் உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய சுரங்கமொன்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவித்தல் வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் வைக்கப்பட வேண்டும். கடலூரிலோ அரியலூரிலோ உறவினர் உள்ள வாசகர்கள், ருவைஸிலிருந்தாயினும் சரி, வேறெங்கிருந்தாயினும் சரி, அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது இதை எடுத்துச்சொல்லலாம். அச்சுருக்கத்தில் இழப்பீட்டுப் பக்கத்தை மட்டும் தேடாமல், மேல்மண் என்று எழுதியுள்ள பத்தியையும் தேடி, அதில் எண் எதுவும் இல்லையெனில் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கும்படி கூறுங்கள். கேட்டது கூட்டக் குறிப்பில் பதியப்பட வேண்டும் என்பதும் அவ்வறிவிக்கையிலேயே உள்ளது.