மோர்ஸ் தெரியாதவர்களுக்கும் வானம் உண்டு

உரிமம் பெற்ற தனிநபர்கள் வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ என்று பேச்செடுத்தாலே கண்டமங்கலத்தில் என்னிடம் பிள்ளைகள் கேட்பது, “தந்தி பாஷை கத்துக்கணுமா சார்?” என்பதுதான். கட்டாயமில்லை. நம் நாட்டில் இந்த உரிமத்தில் இரண்டு வகை. ‘ஜெனரல்’ வகைக்கு நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். ‘ரெஸ்ட்ரிக்டட்’ வகைக்கு எழுத்துத் தேர்வு மட்டும். கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் விதிமுறை. 12 வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். உரிமம் தருவது மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு. முதல் வகையினரின் அழைப்புக்குறி வி.யு.2 என்றும் அடுத்தவர்களுடையது வி.யு.3 என்றும் தொடங்கும்.

வி.யு.3 என்றால் அரை லைசென்ஸ் என்று இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் ஆகிய உயர் அலைவரிசைகள் அவர்களுக்கும் திறந்தே இருக்கின்றன. சிற்றலையில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் அதற்கு இடமிருக்கிறது? 145-க்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான கம்பி போதும்.

குறை ஒன்று உண்டு. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். பத்து மீட்டர் கம்பத்திலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டரில் அடிவானம் வந்துவிடும். எதிர்முனையிலும் அதே உயரக் கம்பம் இருந்தால் 26 கிலோமீட்டர். விழுப்புரமும் புதுச்சேரியும் அதற்குள் அடக்கம்.

ஆனால் தலைக்கு மேலே மறைப்பு ஏது? பி.வி.சி. குழாயில் ஸ்டீல் டேப் துண்டுகளைப் பொருத்தி நானே கட்டிய ஆன்டெனாவை மாடியில் நின்று வானத்துக்குக் காட்டுவேன். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம்களுக்கென்றே ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. 145.990-இல் பேசினால் 437.800-இல் திருப்பி அனுப்பும். பத்து நிமிடத்துக்குள் நிலையம் கடந்துவிடும். நெருங்கும்போது அலைவரிசை சற்று மேலே நிற்கும், விலகும்போது கீழே இறங்கும். எங்கள் ஸ்டேஷனைத் தாண்டும் புதுச்சேரி ரயிலின் ஹாரன் மாதிரி. அதற்கேற்ப விரல் டயலைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பழக்கம் எந்தப் புத்தகத்திலும் வராது.

ஹாம்களுக்காக நம் இஸ்ரோவும் ஒரு செயற்கைக்கோள் விட்டது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ஏற்றிச் சென்ற ஹாம்சாட் அது. 2014 வரை உலகெங்கும் உள்ள ஹாம்கள் கட்டணமில்லாமல் அதன் வழியே பேசினார்கள். அது நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது எங்கள் பக்கம் மின்சாரம் போனது, செல்போனும் போனது. வளவனூர் நண்பரும் நானும் ஹேண்ட்செட்டில், டவர் எதுவும் இல்லாமல், நேராகப் பேசிக்கொண்டோம். எந்தச் சாலையில் தண்ணீர், யார் வீட்டில் முதியவர்கள் தனியே என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. ரயில் பாதையோரத்து ஒவ்வொரு ஊரிலும் ஒரு வி.யு.3 இருந்திருந்தால் விழுப்புரத்திலிருந்து கடற்கரை வரை செய்தி கைமாறிப் போயிருக்கும். அதனால்தான் பிளஸ் ஒன் பிள்ளைகளை இந்தத் தேர்வுக்கு உட்கார வைத்துக்கொண்டிருக்கிறேன்.